பள்ளத்தாக்குக்கு அப்பால் விழும் கோடாலி: ஒலியை இழுத்துப் பொருத்தலாமா?

ஒரு வாசகரின் கேள்வி
ஜனவரி 4, இரவு 8.10

நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்கில் நீங்கள் எடுத்த பயிற்சிப் படத்தைப் பார்த்தேன். எதிர்ச் சரிவில் ஒருவர் விறகு பிளக்கிறார். கோடாலி கட்டையில் இறங்கி, மறுபடியும் மேலே எழத் தொடங்கிய பிறகுதான் சத்தம் வருகிறது. எடிட்டிங்கில் அரை நிமிடத்தில் சரிசெய்துவிடக்கூடிய பிழை இது. படம் பார்க்க வருபவர் இயற்பியல் பாடம் கேட்க வருவதில்லை. தெரிந்தே விட்டிருந்தால் காரணத்தைச் சொல்லுங்கள்.

ஜனவரி 4, இரவு 10.35

தெரிந்தேதான் விட்டிருக்கிறேன். கோடாலி கட்டையைத் தொடும் ஃபிரேமுக்கும் ஒலி எழும் இடத்துக்கும் டைம்லைனில் 14 ஃபிரேம் இடைவெளி இருக்கிறது. விநாடிக்கு 24 ஃபிரேம் என்ற கணக்கில் அது ஏறக்குறைய 0.58 விநாடி. படம் பிடித்த காலையில் பத்து டிகிரி குளிர் இருந்தது; அந்தக் குளிரில் ஒலி விநாடிக்கு சுமார் 337 மீட்டர் செல்லும். பெருக்கினால் 200 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வருகிறது. வரைபடத்தில் நான் நின்ற தேயிலை மேட்டிலிருந்து அந்த வீட்டு முற்றம் வரை அளந்தாலும் அதே அளவுதான். இரண்டு சரிவுகளுக்கும் இடையில் இருக்கும் வெளிதான் அந்த 14 ஃபிரேம். அதை வெட்டி எறிய எனக்கு மனம் வரவில்லை.

ஜனவரி 5, காலை 6.50

மலையில் காற்று மெலிந்திருப்பதால்தான் ஒலி தாமதமாகிறது என்று இன்னொருவர் எழுதியிருப்பதைத் திருத்த வேண்டும். ஒலியின் வேகத்தைக் காற்றழுத்தம் மாற்றுவதில்லை. அழுத்தம் குறையும்போது அடர்த்தியும் அதே விகிதத்தில் குறைவதால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. வேகத்தை மாற்றுவது வெப்பநிலை. முப்பது டிகிரியில் இருக்கும் சென்னையில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் செல்கிறது. ஐந்து டிகிரிக்கு இறங்கிய உதகை விடியலில் 334 மீட்டர். இந்த வித்தியாசம் 200 மீட்டர் தூரத்தில் ஒரு ஃபிரேமைக்கூட எட்டாது. எனவே மலையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. மெரினாவில் அதே தூரத்தில் யாராவது விறகு பிளந்தாலும் ஒலி பிந்தித்தான் வரும். அங்கே அலையோசையைத் தாண்டி அது நம் காதுக்கு வந்து சேராது என்பதுதான் வேறுபாடு.

ஜனவரி 5, இரவு 11.20

கேள்வி கேட்டவர் விடுவதாக இல்லை. "பார்வையாளருக்கு உறுத்துகிறதா இல்லையா, அதைச் சொல்லுங்கள்" என்கிறார். நியாயமான கேள்வி என்பதால் சற்று நீளமாக எழுதுகிறேன்.

உறுத்தும். ஒலியும் படமும் விலகுவதை மனிதர்கள் எப்போது உணர்கிறார்கள் என்பதைத் தொலைக்காட்சி ஒளிபரப்புக்காகச் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் அளந்து வைத்திருக்கிறது. ஒலி படத்தை முந்தினால் 45 மில்லி விநாடியிலேயே கண்டுபிடித்துவிடுகிறோம். பிந்தினால் 125 மில்லி விநாடி வரை பொறுத்துக்கொள்கிறோம். இயற்கையில் ஒலி ஒருபோதும் காட்சியை முந்துவதில்லை என்பதால், பிந்தி வரும் ஒலிக்கு நம் மூளை பழகியிருக்கிறது. என்னுடைய கோடாலியின் தாமதமோ 580 மில்லி விநாடி. எந்த அளவுகோலிலும் அது கவனிக்கப்படாமல் போகாது.

ஆனால் அந்த உறுத்தலில் நம் திரைப்படங்கள் பழக்கிய காதுக்கும் பங்கு இருக்கிறது. ஆரிஃபிளெக்ஸ் 2சி போன்ற பழைய கேமராக்கள் ஓடும்போது எழுப்பிய இரைச்சலில் படப்பிடிப்புத் தளத்துக் குரலைப் பயன்படுத்த வழியில்லாமல் போனது. அங்கே பதிவான பைலட் ட்ராக்கை வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொண்டு டப்பிங் அறையில் மறுபடியும் பேசினார்கள். டப்பிங் அறையில் மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கும். உதகையிலிருந்து கூடலூர் போகும் சாலையில் ஒன்பதாவது மைலில் இருக்கும் சூட்டிங் மட்டத்துக்குப் போய் நின்று பாருங்கள்; பக்கத்தில் நிற்பவர் பேசுவதையே காற்று பிய்த்துக்கொண்டு போய்விடும். திரையில் அதே புல்வெளியின் மறுகோடியிலிருந்து கதாநாயகி மெல்லிய குரலில் கூப்பிடுகிறார், கதாநாயகனுக்கு மட்டுமல்லாமல் கடைசி வரிசை டிக்கெட்காரருக்கும் மூச்சுச் சத்தத்தோடு கேட்கிறது. பல தலைமுறைகளாக இதைக் கேட்டு வளர்ந்த நமக்கு, தூரத்தில் இருப்பவரின் ஒலி தூரத்தில் கேட்டால் ஏதோ கோளாறு என்று தோன்றுகிறது.

டப்பிங் கலைஞர்களைக் குறைசொல்ல நான் இதை எழுதவில்லை. தளத்திலேயே ஒலி பிடிப்பது ஒருபோதும் எளிதாக இருந்ததில்லை. 1931இல் இந்தியாவின் முதல் பேசும் படமான ஆலம் ஆராவைப் பம்பாயில் எடுத்தபோது ஸ்டுடியோவுக்குப் பக்கத்தில் ரயில் பாதை இருந்ததால், ரயில்கள் ஓயும் நள்ளிரவுக்குப் பின்புதான் பெரும்பாலும் படம் பிடித்தார்கள்.

ஜனவரி 6, மாலை 5.15

மைக்குக்குக் காற்றுத் தடுப்பாக எதைப் பயன்படுத்தினேன் என்று கேட்டவருக்கு: ஆரம்பத்தில் என் தாத்தாவின் குரங்குக் குல்லாவை மாட்டினேன். பார்ப்பதற்கு மைக் எஸ்டேட் காவலாளி போல இருந்தது. காற்றிரைச்சல் மட்டும் குறையவில்லை. மைக்கின் மேல் ஒட்டிக் கிடக்கும் துணி, அது எவ்வளவு தடிமனாக இருந்தாலும், காற்றுச் சுழலை மைக்கின் மேலேயே உண்டாக்குகிறது. மைக்கைச் சுற்றி அசையாத காற்று கொஞ்சம் இருக்க வேண்டும். கம்பியைக் கூண்டு போல வளைத்து, அதற்குள் மைக்கை ரப்பர் வளையத்தில் தொங்கவிட்டு, வெளியே நீளமான பொய்முடித் துணியைப் போர்த்திய பிறகுதான் வேலைக்கு ஆயிற்று. தாத்தாவுக்குக் குல்லா திரும்பிப் போய்விட்டது.

ஜனவரி 8, காலை 8.30

"பனிமூட்டம் இறங்கினால் மலை மௌனமாகிவிடும், அப்போது பதிவு செய்வதுதான் உத்தமம்" என்ற கருத்து மேலே வந்திருக்கிறது. திரையில் நாமும் அப்படித்தான் காட்டிக்கொண்டிருக்கிறோம்: வெள்ளைப் படலம் மூடியதும் ஒலியை இறக்கிவிட்டு ஒற்றைப் புல்லாங்குழலை ஏற்றுகிறோம்.

நான் கேட்ட வரையில் நடப்பது வேறு. காற்று அசையாத, வானம் தெளிந்த ஜனவரி இரவில் தரை வேகமாகக் குளிர்கிறது. குளிர்ந்து கனத்த காற்று சரிவுகளிலிருந்து வழிந்து பள்ளத்தாக்கின் அடியில் தங்கிவிடுகிறது. மேலே இருக்கும் காற்று அதைவிட வெதுவெதுப்பாக இருக்கிறது. வெதுவெதுப்பான காற்றில் ஒலி வேகமாகப் போவதால், மேல்நோக்கிக் கிளம்பும் அலை அங்கே வளைந்து மறுபடியும் கீழே இறங்குகிறது. பகலில் தரை சூடேறிய பிறகு இது தலைகீழாகி, ஒலி மேல்நோக்கி வளைந்து, தொலைவில் நிற்பவரின் தலைக்கு மேலாகப் போய்விடுகிறது. விடியற்காலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் கேத்தி பாலாடாவில் கேரட் கழுவும் இயந்திரம் உருளுவது கேட்கும். யாரோ ஒருவர் லாரியில் மூட்டையைப் போட்டுவிட்டு மூச்சு விடுவதுகூடக் கேட்பதாகத் தோன்றும். பத்து மணிக்கு அதே திண்ணையில் உட்கார்ந்தால் எதிர்வீட்டு மிக்ஸிதான் கேட்கும்.

பனிமூட்டத்தின் துளிகள் ஒலியை ஓரளவு உறிஞ்சத்தான் செய்கின்றன. இருந்தாலும் விடியற்காலைப் பள்ளத்தாக்குப் பனியில், காற்று அசையாமல் இருப்பதும் குளிர்காற்று அடியில் தங்கியிருப்பதும் சேர்ந்து அந்த இழப்பைத் தாண்டிவிடுகின்றன. பிற்பகலில் சரிவில் ஏறி வரும் பனி வேறு வகை; அது காற்றோடு வரும். அந்த நேரத்தில் கற்பூர மரங்களுக்கு அடியில் நின்றால், இலைகளில் சேர்ந்த நீர் சொட்டிக்கொண்டே இருப்பதால் மரத்தடியில் மட்டும் மழை பெய்யும், பக்கத்துச் சாலை காய்ந்து கிடக்கும். திரையில் பனியைக் காட்டுபவர்கள் அந்தச் சொட்டும் ஒலியை வைத்தாலே போதும், புல்லாங்குழல்காரருக்கு ஒரு நாள் சம்பளம் மிச்சமாகும்.

ஜனவரி 9, இரவு 9.05

மேலே எழுதியதன் தொடர்ச்சியாக ஒன்று தோன்றியது. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறையும்; ஒரு மீட்டர் தூரத்தில் கேட்ட கோடாலி, 200 மீட்டரில் ஏறக்குறைய 46 டெசிபல் குறைந்துதான் கேட்க வேண்டும். நடுப்பகலாக இருந்தால் அது தேயிலைச் செடிகளின் சலசலப்புக்குள் மூழ்கியிருக்கும். விடியலின் குளிர்தான் அதை என் மைக் வரை கொண்டுவந்து சேர்த்தது.

அப்படி வந்து சேர்ந்த ஒலி, புறப்பட்ட ஒலியாக இல்லை. இரும்பு மரத்தில் இறங்கும் கூர்மை வழியிலேயே உதிர்ந்துவிட்டது; அடிக்குப் பின்னால் சரிவில் மோதித் திரும்பிய எதிரொலி ஒட்டிக்கொண்டிருக்கிறது. எனவே 14 ஃபிரேம் முன்னால் இழுத்துப் பொருத்தினாலும் அது தூரத்து ஒலியாகவேதான் இருக்கும்: நேரத்தைக் கேட்டால் பக்கத்தில் என்று சொல்லும், தொனியைக் கேட்டால் தொலைவில் என்று சொல்லும். நான் அதையும் செய்து பார்த்தேன். கோடாலியின் மேல் யாரோ போர்வையைப் போட்டது போல இருந்தது. உண்மையாகவே பொருத்த வேண்டுமென்றால் அந்த ஒலியைக் கைவிட்டு, அந்த முற்றத்துக்கே போய்ப் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும், அல்லது படத்துக்கான ஓசைகளைத் தனியாக எழுப்பிப் பதிவு செய்யும் ஃபோலி அறையில் ஒரு கட்டையைப் பிளக்க வேண்டும். கேள்வி கேட்டவர் சொன்ன அரை நிமிட வேலையில் இது முடியாது.

ஜனவரி 10, காலை 7.20

நேற்று எழுதியதற்கு ஓர் எல்லை உண்டு. அடுத்த ஷாட் அந்த முற்றத்துக்குள் போகிறது, விறகு பிளப்பவரின் கைகள் ஃபிரேம் முழுவதையும் அடைக்கின்றன. அங்கே ஒலி ஃபிரேமுக்கு ஃபிரேம் பொருந்தியே ஆக வேண்டும், பொருத்தியும் இருக்கிறேன். தாமதத்தை எல்லா இடத்திலும் கொள்கையாகப் பிடித்துக்கொண்டு நிற்பது பிடிவாதமாகிவிடும். தூர ஷாட்டில் பிந்தி வந்த ஒலி, வெட்டியதும் முகத்தில் அடித்தாற்போல ஒன்றிவிடுவதில்தான் நாம் பள்ளத்தாக்கைத் தாண்டி வந்துவிட்டோம் என்பது தெரிகிறது. பாலமோ நடந்து போகும் ஷாட்டோ எனக்குத் தேவைப்படவில்லை.

ஜனவரி 12, இரவு 10.00

கேமராவும் மைக்கும் மனிதர்களிடம் வெவ்வேறு விதமாக நடந்துகொள்கின்றன என்பதை இந்த விடுமுறையில்தான் கவனித்தேன். கோத்தகிரிப் பக்கம் என் பாட்டி இருக்கும் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) பின்னால் தேயிலைக் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். கேமராவைத் தூக்கியதும் எல்லோரும் நிமிர்ந்து, தலைத்துண்டைச் சரிசெய்து, சிரித்து, வேலையை விளம்பரப் படத்தில் வருவது போலச் செய்யத் தொடங்கினார்கள். கேமராவை மூடிவைத்துவிட்டு மைக்கை மட்டும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தபோது, கொஞ்ச நேரத்தில் என்னை மறந்துவிட்டு மருமகள்களைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். (அந்தப் பகுதியைப் பயன்படுத்த மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.)

கையால் பறிக்கும்போது காம்பு ஒடியும் சத்தம் மிகச் சிறியது, மைக்கைச் செடிக்குள் நுழைத்தால்தான் கிடைக்கும். இப்போது பெரும்பாலும் கத்தரியால் வெட்டுகிறார்கள். கத்தரியோடு பிணைத்த தட்டில் இலை விழும். கத்தரி மூடும் ஓசை, இலை தட்டில் சரியும் ஓசை, தட்டை முதுகுப் பைக்குள் கவிழ்க்கும் ஓசை என்று மூன்றும் ஒரு தாளத்தில் வருகின்றன. அவர்களில் ஓர் அக்காவின் காதில் ஹெட்ஃபோனை வைத்து, அவருடைய கத்தரியையே கேட்கச் செய்தேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "தம்பி, திருகாணிகிட்ட கிரீச்சுன்னு வருது பாரு, எண்ணெய் போடணும்" என்றார். எனக்கு அந்தக் கிரீச் ஒலி அதுவரை காதில் விழவே இல்லை. மறுநாள் மீதியைப் பதிவு செய்யப் போனபோது எண்ணெய் போட்டுவிட்டிருந்தார்; இரண்டு நாள் ஒலியும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை.

என் பாட்டி, இந்தியாவும் இலங்கையும் 1964இல் செய்த ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து குடும்பத்தோடு வந்தவர். லயத்துக்காரர்களின் தமிழில் இருக்கும் இழுவை எனக்குச் சிறு வயதிலிருந்தே பழகியது, அதனால் தனியாகக் கேட்டதில்லை. சென்னையில் வகுப்புத் தோழர்கள் அந்தப் பதிவைக் கேட்டு "இது எந்த ஊர்த் தமிழ்?" என்று கேட்டபோதுதான் எனக்கே கேட்டது.

ஜனவரி 13, பிற்பகல் 2.40

மலை ரயிலின் ஒலியை இணையத் தொகுப்பிலிருந்து எடுத்துப் போட்டால் என்ன என்று கேட்டிருப்பவருக்கு: போடலாம், ஆனால் ரயில் பின்னுக்கு முன்னாகிவிடும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை இன்ஜின் ரயிலைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஏறுகிறது. பாதையோரத்தில் நிற்பவருக்கு முதலில் தெரிவது பெட்டியும், அதன் முன்முனையில் கொடியோடு நிற்கும் பிரேக்ஸ்மேனும். பெட்டிகள் சக்கரச் சத்தத்தோடு கடந்து போய்க்கொண்டிருக்கும்போதுதான் நீராவியின் மூச்சு நெருங்கி வரும். இன்ஜினில் சாதாரணச் சக்கரங்களுக்குத் தனியாகவும், தண்டவாளங்களுக்கு நடுவில் இருக்கும் பற்களைப் பிடித்து ஏறும் பல்சக்கரத்துக்குத் தனியாகவும் சிலிண்டர்கள் இருப்பதால் அந்த மூச்சின் தாளமும் சமவெளி ரயிலைப் போல இருக்காது. தொகுப்பில் கிடைப்பது எல்லாம் இன்ஜின் முதலில் வந்து, பெட்டிகள் பின்னால் தேயும் ஒலி. குன்னூருக்கு மேலே டீசல் இன்ஜின் மாட்டிவிடுவார்கள், அந்தப் பகுதிக்கு நீராவி ஒலியைப் போடுபவர்களை எங்கள் ஊர்ச் சிறுவர்களே பிடித்துவிடுவார்கள்.

ஜனவரி 17, இரவு 8.45

பொங்கல் முடியும் வரை நான்கு திசையிலும் ஒலிபெருக்கி. எதையும் பதிவு செய்ய முடியவில்லை, கரும்பைத்தான் கடித்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டுத் தாத்தா உதகை இந்து நகர் ஃபிலிம் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1960இல் மத்திய அரசு நிறுவனமாகத் தொடங்கி, 1967இல் உற்பத்தியை ஆரம்பித்த இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸைத்தான் சொல்கிறேன். 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் அங்கிருந்து வந்தன, இப்போது மூடிக் கிடக்கிறது. ஃபிலிமின் மேல் வெள்ளி உப்புக் கலவையைப் பூசும் பகுதியில் வெளிச்சம் ஆகாது. இருட்டில் எதிரே வருபவர் மேல் மோதாமல் இருக்க, நடக்கும்போது செருமிக்கொண்டோ முணுமுணுத்துக்கொண்டோ போவார்களாம். நாளடைவில் செருப்புச் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாராம்.

படத்தைக் காட்டாமல் கோடாலி ஒலியை மட்டும் அவருக்குப் போட்டுக் காட்டினேன். "கட்டை இன்னும் பச்சையாக இருக்கிறது, இரண்டாவது அடியில்தான் பிளக்கிறது" என்றார். சரியாக இருந்தது. பிறகு படத்தோடு காட்டினேன். தாமதத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நானாகக் கேட்டபோது, "அந்தப் பக்கத்தில் வெட்டினால் அப்புறம்தானே கேட்கும்?" என்று என்னைத் திருப்பிக் கேட்டார். சென்னையில் என் வகுப்பில் ஒருவர் விடாமல் எல்லோரும் முதல் அடியிலேயே கையைத் தூக்கியிருந்தார்கள். ஓர் ஊர்க்காரருக்கு இயல்பாக இருப்பதற்காக மற்ற ஊர்க்காரர்கள் எல்லோரையும் உறுத்தலாமா என்று என்னைக் கேட்டால், அரை விநாடிக்கு உறுத்தலாம் என்றுதான் சொல்வேன். அந்த அரை விநாடியில் அவர்கள் திரையை விட்டு வெளியே போவதில்லை, நான் நின்ற இடத்துக்கு வருகிறார்கள்.

ஜனவரி 19, காலை 7.00

கேள்வி கேட்டவர் பாதி ஒப்புக்கொண்டு, "அப்படியானால் முதல் அடியையாவது பொருத்திவிட்டு, அடுத்தடுத்த அடிகளைத் தாமதமாக விடுங்கள்" என்கிறார். இதில் எனக்கு உடன்பாடில்லை. அதே மனிதர், அதே முற்றம். ஒலி மட்டும் அடிக்கு அடி விலகினால் அது நிஜமாகவே கோளாறாகத்தான் தெரியும். அவர் சொன்னதிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்: முதல் அடிக்கு முன்னால் ஷாட்டை இன்னும் சில விநாடிகள் நீட்டியிருக்கிறேன். அந்த நேரத்தில் பள்ளத்தாக்கின் பொது ஒலி, தொலைவில் ஒரு நாய், ஓடைப் பக்கமிருந்து சீகாரப் பூங்குருவியின் சீழ்க்கை ஆகியவை வருகின்றன. காது தூரத்தில் நிலைத்த பிறகு கோடாலி விழுகிறது. புதிய பிரதியைப் பார்த்த இரண்டு தோழர்களில் ஒருவர் தாமதத்தைக் கவனிக்கவில்லை. இன்னொருவர் கவனித்தார், ஆனால் கையைத் தூக்கவில்லை.

இடையில் நீலகிரி சிரிப்பான்கள் கூட்டமாகக் கத்திக்கொண்டு குறுக்கே போனதை அகற்றிவிட்டேன். அந்தப் பறவையைத் தெரியாதவர்களுக்கு யாரோ கேமராவுக்குப் பின்னால் நின்று கேலியாகச் சிரிப்பது போலவே கேட்கும். வகுப்பில் விளக்கம் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

ஜனவரி 20, இரவு 9.30

மிச்சமிருப்பது பாட்டியின் வீட்டுக்குள் எடுத்த காட்சி. கீழே இருக்கும் தேயிலைத் தொழிற்சாலையில் இலையை வாட்டும் விசிறிகள் இரவு முழுக்க ஓடுவதால், அறையின் வெற்று ஒலியில் அந்த ரீங்காரம் படிந்திருக்கிறது. ஐம்பது ஹெர்ட்ஸையும் அதன் மடங்குகளையும் வெட்டிப் பார்த்தேன், பாட்டியின் குரலும் சேர்ந்து மெலிகிறது. நாளை மறுநாள் பராமரிப்புக்காகப் பகலில் மின்சாரம் நிறுத்துகிறார்கள் என்று அறிவிப்பு வந்திருக்கிறது. தொழிற்சாலையில் ஜெனரேட்டரைப் போடாமல் இருந்தால் அந்த நேரத்தில் ஒரு முழு நிமிடம் அறையின் ஒலி எனக்குக் கிடைக்கும், போட்டுவிட்டால் கிடைப்பதை வைத்துக்கொண்டு பார்க்க வேண்டியதுதான். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடுகிறது, எனவே நாளை இரவே எல்லாவற்றையும் சார்ஜில் போட்டு, சட்டைக்குள் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். கேத்திப் பக்கத்தில் யாரிடமாவது நீளமான எக்ஸ்எல்ஆர் மைக் கேபிள் இருந்தால் ஒரு நாளைக்குக் கொடுங்கள். ரெக்கார்டரைச் சமையலறையில் வைத்துவிட்டு மைக்கை மட்டும் பாட்டியின் அறைக்குள் விட வேண்டும்.